ஆணியில் தொங்கிய அடிமட்டம்

யசிந்தா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கஜந்தினியின் கத்தி அவள் கைக்குப் போய்விட்டது.

பெரிய கத்தி ஒன்றுமில்லை. கடதாசி வெட்டுகிற சின்னக் கத்திதான். ஆனால் அதன் நுனியைத் தேய்த்துத் தேய்த்துத் தன் விரலுக்கு அடங்குகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தவள் கஜந்தினி. றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் அதை இழுத்தால் பொரி உதிராது. வாழைத்தண்டு வெட்டின மாதிரி வழுவழுவென்று போகும். இப்போது அதே கத்தியைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்தபடி யசிந்தா வெட்டிப் பழகினாள். அதே மரவாங்கில் முழங்கால் முட்ட இருந்து அவள் புருசன் ஜெயரூபன் "மெல்ல, மெல்ல" என்றான். கஜந்தினி வெட்டிய காலத்தில் அண்ணன் ஒருநாளும் மெல்ல என்று சொன்னதில்லை. கெதியாய் முடி, அடுப்பு சூடாகிவிட்டது என்றுதான் கத்துவான்.

கோப்பாயில் அவர்களுடைய கிணற்றடிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில் சில வருடங்களாக மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு மூடி செய்கிறார்கள். ஜெயரூபன் பகலில் ஒரு கராச்சில் வேலை. இது பின்னேர வேலை. ஊரில் பழைய ஹொண்டாக்களை ஆட்கள் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருக்கிறார்கள், ஆனால் எஞ்சினின் பக்க மூடி உடைந்தால் ஒரு கடையிலும் எடுக்க முடியாது. அதோடு இந்தக் காலத்துப் பொடியன்களுக்குக் கொம்பனி மூடியே பிடிப்பதில்லை. வரி வரியாய் வேண்டும், வேல் வேண்டும், இனிசல் வேண்டும் என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டு வருவார்கள்.

செய்கிற முறை இதுதான். முதலில் மூடியை அச்சொட்டாக றெஜிபோமில் வெட்டுவது. அதன்மேல் மெல்லிய சாந்து பூசிக் காயவிட்டு, ஒரு வாளி உலர்ந்த மணலுக்குள் புதைப்பது. பழைய பிஸ்டன்களைச் சிரட்டைக்கரி அடுப்பில் உருக்கி மேலிருந்து ஊற்றுவது. அலுமினியம் இறங்க இறங்க றெஜிபோம் எரிந்து கரும்புகையாய்ப் போய்விடும். அது கிடந்த இடத்தில் அலுமினியம் கிடக்கும். உருக்குவது, ஊற்றுவது, ஓட்டை போடுவது ஜெயரூபன். அளப்பதும் வெட்டுவதும் கஜந்தினி.

வெட்டுகிற ஆள் யாரென்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. வருகிறவர்களுக்கு அண்ணன் அவளை, "தங்கச்சி. கம்பஸ் முடிச்சிட்டு நிக்கிறா" என்று காட்டுவான். அவள் தேத்தண்ணித் தட்டோடு நிற்பாள். அந்தக் குடும்பத்தில், அதற்கு மேலே எத்தனை தலைமுறை போனாலும், பட்டம் எடுத்த முதல் ஆள் அவள். பௌதிகவியல். பட்டமளிப்புப் படம் முன்னறையில் சாமிப் படங்களுக்குச் சரி உயரத்தில் தொங்கியது. அரசாங்க நியமனம்தான் வரவில்லை. வரும் வரைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி. எங்கள் மகள் பட்டதாரி என்று சொல்லிச் சொல்லியே அவளை ஒரு வேலைக்கும் விடாத வீடு அது.

ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் அவள் யாருடைய மகளும் இல்லை, பட்டதாரியும் இல்லை. அங்கே அவள் சொன்ன அளவு சொன்னதுதான்.

முதன்முதல் வார்த்த மூடி எஞ்சினில் பொருந்தவில்லை. அலுமினியம் ஆறும்போது சுருங்கும். ஒரு அடி நீளத்துக்கு நாலு மில்லிமீற்றர் அளவில் சுருங்கிவிடும். ஜெயரூபன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது கஜந்தினி ஒரு எவர்சில்வர் பட்டியை எடுத்து, அதில் அளவுக் கோடுகள் போட்டு ஒரு அடிமட்டம் கீறினாள். சாதாரண அடிமட்டத்திலிருந்து கோடுகளை நேராக இறக்கி, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே பட்டியைக் கொஞ்சம் சரித்து வைத்துக் கீறினால் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் ஒரு பொட்டு நீளும். சுருங்கப்போகிற அளவுக்குத் தக்கபடி சரிவைக் கணக்குப் பார்த்திருந்தாள். பிறகு உடைந்த மூடியைச் சாதாரண அடிமட்டத்தால் அளப்பது, அந்த இலக்கங்களை நீட்டு அடிமட்டத்தால் றெஜிபோமில் குறிப்பது. இரண்டாவது மூடி கையால் தள்ளப் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அந்த அடிமட்டம் கொட்டில் கப்புத் தூணில் ஓர் ஆணியில் தொங்குகிறது. பார்த்தால் எந்த அடிமட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

யசிந்தா வந்தாள். கொடிகாமத்துப் பெட்டை. வேதக்காரி, கிறிஸ்தவக் குடும்பம் என்று கலியாணத்துக்கு முதல் அம்மா அழுத அழுகை கொஞ்சமில்லை. இப்போது மீன்தலையை எடுத்து மருமகளின் சோற்றுக் கோப்பைக்குள் வைக்கிறாள். கலியாணத்துக்கு யாரோ கொடுத்த தலைமயிர் காயவைக்கிற மெசினை யசிந்தா அடுப்பு ஊதக் கொடுத்துவிட்டாள். அதற்கு முன்னே கையால் சுற்றுகிற ஊதி ஒன்று இருந்தது. அதைச் சுற்றுகிறது கஜந்தினி. சுற்றி முடிய வலது தோள் மூட்டு கழன்ற மாதிரிக் கிடக்கும். இப்போது சுவிச்சைப் போட்டால் கரி செக்கச்செவேலென்று பிடிக்கிறது. தன்ரை மனுசி தன்ரை தலை காயாவிட்டாலும் பரவாயில்லை என்று தந்தவ என்று ஜெயரூபன் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னான். கஜந்தினியின் தோள்மூட்டைப் பற்றி அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஊதியோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பாள். யசிந்தா அடுத்ததாக வெட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள். ஒரு பின்னேரம் கஜந்தினி ரியூசன் முடித்துக் கொட்டிலுக்குப் போனால், வாங்கில் தன் இடத்தில் அவள். நீட்டு அடிமட்டத்தைப் பற்றி அண்ணனே விளங்கப்படுத்தியிருந்தான். பிழையாகச் சொல்லியிருந்தாலாவது திருத்தலாம், சரியாகச் சொல்லியிருந்தான். அதைவிடக் கொடுமை, யசிந்தாவின் கை நல்ல கை. கஜந்தினி அவள் வெட்டிய ஓரங்களில் விரலை ஓட்டிக் குறை தேடினாள். கிடைக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நோர்மன் வந்து சேர்ந்தார். சாவகச்சேரிக்காரர், பென்சன் எடுத்த தபாலதிபர். தன் பழைய ஹொண்டாவை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். படலைக் கதவடியில் சரிந்து விழுந்து இடப்பக்கத்து மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. புது மூடி வெறுமையாக இருக்கக்கூடாது என்றார் அவர். வெளிநாட்டுக்காரன் செய்த சாமானிலெல்லாம் செய்தவன் பெயர் இருக்கிறது, எங்கடை ஆட்கள் செய்ததில் மட்டும் ஏன் இல்லை என்பது அவருடைய கேள்வி.

"செய்தவையின்ரை பேர் அதிலை கிடக்கோணும், தம்பி. பேரில்லாத மூடியை நான் பூட்டமாட்டன்."

கஜந்தினி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். இத்தனை மூடி போன பிறகு, முதல்முதலாக ஒரு மனிசன் பெயர் கேட்கிறார். அவள் ஓரடி முன்னுக்கு வைத்தாள். ஜெயரூபன் திரும்பிப் பார்த்தான். அவளை இல்லை.

"என்ரை ரூ, இவவின்ரை ய எண்டு ரெண்டு எழுத்துப் போட்டுவிடுறம், அங்கிள்."

யசிந்தா வெட்கப்பட்டுச் சிரித்தாள். நோர்மன் நல்லது என்றார். கஜந்தினி தட்டை நீட்டினாள். அவர் தேத்தண்ணிப் பேணியை எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. ஒரு மூடியில் பெயர் விழுந்தால் போதும், அதற்கு முன்னே போன மூடியெல்லாம் யசிந்தா வெட்டியது என்று ஊர் சொல்லும். அந்த வாங்கில் பிறகு தனக்கு இடமில்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த அரை வாங்குதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மச்சாள் யசிந்தாவும் கொடிகாமத்துக்குப் போனார்கள். கஜந்தினி கொட்டிலுக்குள் போனாள். அதே எவர்சில்வரில் மிச்சமிருந்த துண்டை எடுத்தாள். அதே கூர்க்கம்பி, அதே இலக்க எழுத்து. ஒன்றை மட்டும் மாற்றினாள்: பட்டியைச் சரிக்காமல் நேராக வைத்துக் கீறினாள். ஒரு கள்ள வேலையும் இல்லாத, சுத்தச் சரியான அடிமட்டம். அதை ஆணியில் மாட்டினாள். நீட்டு அடிமட்டத்தைக் கொண்டுபோய்த் தன் பட்டமளிப்புப் படத்துக்குப் பின்னால் செருகினாள். கீறல்கள் முந்தியதைவிட நன்றாக விழுந்திருந்தன.

யசிந்தா அந்த மூடியை வெட்ட ஒரு கிழமை எடுத்தாள். 'ரூ'வையும் 'ய'வையும் தனித்தனியே வெட்டி, மேலே ஒட்டினாள். அந்தக் கிழமை முழுக்கக் கஜந்தினி நல்ல பிள்ளையாக இருந்தாள். மச்சாளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுத்து வடிவாய் இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். யசிந்தா அவள் கையைப் பிடித்து, நீங்கள் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை என்றபோது, படத்துக்குப் பின்னால் இருப்பதைக் கொண்டுவந்து திரும்ப மாட்டிவிடலாமா என்று கஜந்தினிக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே கண் அந்த எழுத்துக்குப் போயிற்று. தோன்றியது தானாக மறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் ஊற்றினார்கள். புகை போய், ஆறி, மணலைக் கொட்டி எடுத்தபோது மூடி ஒரு பழுதில்லாமல் வந்திருந்தது. எழுத்துகள் இரண்டும் எழும்பி நின்றன. ஜெயரூபன் விசிலடித்துக்கொண்டு ஓட்டை போட்டான். கஜந்தினி கிணற்றடியில் கழுவின சட்டியையே திரும்பவும் கழுவிக்கொண்டு காது கொடுத்திருந்தாள்.

முதல் திருகாணி போனது. பக்கத்து ஆணியும் தட்டத் தட்டப் போனது. எதிர்ப்பக்கத்து ஆணி போகவில்லை. விசில் நின்றது. மூடியின் ஓரம் எஞ்சின் ஓரத்துக்கு உள்ளே விழுந்து நின்றது; பெரியவனுடைய சேட்டுக்குள் சின்னவன் நின்ற மாதிரி.

இனிக் கத்துவான், கத்தியைப் பிடுங்குவான், கஜி இஞ்சை வா என்று கூப்பிடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. எதால் குறித்தனீர் என்று பெண்சாதியைக் கேட்டான். ஆணியில் கிடந்த நீட்டு அடிமட்டத்தால்தான், வேறு எதால் என்றாள் யசிந்தா. ஜெயரூபன் அடிமட்டத்தைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப உதுதான் பிழை. நீர் என்ன செய்வீர், கஜி கீறினதெல்லே. முந்தியும் உது உப்பிடித்தான். நான்தான் ஓட்டையை அரத்தாலை ராவி ராவிச் சமாளிச்சனான்."

சட்டி கிணற்றுக் கட்டில் மோதிச் சத்தம் போட்டது.

ராவினானாம். அவள் வெட்டிய ஒரு மூடியிலாவது அரம் பட்டது உண்டா? பெண்சாதிக்கு நோகக்கூடாது என்று, தங்கச்சியின் இத்தனை வருடக் கணக்கை ஒரே வாயால் பிழை என்றுவிட்டான். யசிந்தா பேச்சு வாங்குவாள் என்று அவள் விரித்த வலையில், யசிந்தா நகம்கூடப் படாமல் நின்றாள். விழுந்தது அடிமட்டம். பேசாமல் இருந்தால் கஜந்தினி தப்பலாம். அடிமட்டம் பிழை என்று நின்றுவிடும். பேசினால் அடிமட்டம் தப்பும்.

யோசிக்க அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. முன்னறைக்குப் போய்ப் படத்துக்குப் பின்னாலிருந்து பட்டியை இழுத்தாள். படம் கோணலாகத் தொங்கியதை நிமிர்த்தவில்லை. கொட்டிலுக்குள் போய் அண்ணன் கையில் இருந்ததற்குப் பக்கத்தில் அதைப் போட்டாள்.

"நான் கீறின நீட்டு அடிமட்டம் இது. உன்ரை கையிலை கிடக்கிறது சாதாரண அடிமட்டம். அதையும் நான்தான் கீறினனான். மாத்திக் கொழுவினதும் நான்தான். என்ரை அளவு ஒருநாளும் பிழைச்சதில்லை, அண்ணை."

ஜெயரூபன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வர முதல் விளக்கம் வரவேண்டியிருந்தது. யசிந்தாவுக்கு அது முதலே வந்துவிட்டது. அழுவாள் என்று கஜந்தினி நினைத்தாள். அவள் அழவில்லை. இரண்டு பட்டியையும் வாங்கி, ஓரத்தோடு ஓரம் வைத்து, பெருவிரலால் தடவிக்கொண்டு போனாள். தொடக்கத்தில் ஒன்றாக இருந்த கோடுகள் போகப் போக விலகின.

"நாசப்படுத்துற சாமானையும் இவ்வளவு வடிவாய்க் கீறுவினமோ, மச்சாள்?"

"அரைகுறையாய் எனக்கு ஒண்டும் செய்யத் தெரியாது."

அதன் பிறகு ஜெயரூபனுக்குக் கோபம் வந்தது. எரிந்த கரி, போன நேரம், இன்றைக்கே வந்து நிற்கப்போகிற நோர்மன், எல்லாவற்றையும் சொல்லி ஏசினான். தனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இவளை அத்தை என்று காட்டமாட்டேன் என்றான்; அப்படி ஒரு பிள்ளை இன்னும் இல்லை. கடைசியில், என்னத்துக்கடி இதைச் செய்தாய் என்று கேட்டான்.

"என்ரை பேரை ஏன் போடேல்லை?"

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். அங்கே அம்மா கரண்டியோடு வாசலில் நின்றாள். அவள்தான் சொன்னாளாம், தொடக்கத்திலிருந்தே. பட்டம் எடுத்த பெட்டை கரிக்குள் நின்று பைக் மூடி வெட்டுகிறாள் என்று வெளியில் தெரிந்தால் யார் கலியாணம் பேசிக்கொண்டு வருவார்கள்? அதனால்தான் தேத்தண்ணித் தட்டு, அதனால்தான் கம்பஸ் முடித்த கதை. அவளுடைய பெயர் கெடக்கூடாது என்று அவளுடைய பெயரையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

யசிந்தா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அப்ப நான் கரிக்குள்ளை நிண்டால் பரவாயில்லையோ, மாமி?"

"உனக்குத்தான் முடிஞ்சுதே, பிள்ளை" என்றாள் அம்மா, ஒரு சூதும் இல்லாமல்.

யசிந்தாவின் முகம் போன போக்கைப் பார்க்கக் கஜந்தினிக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. உள்ளதைச் சொன்னால் நிறையவே குளிர்ந்தது. பேசிக்கொண்டு வருகிறவன் பைக்கோடு வரட்டும், மூடி போட்டு அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் படலையில் "தம்பி" என்று குரல் கேட்டது. நோர்மன். சாவகச்சேரி பஸ் அவரை நேரத்துக்கே கொண்டுவந்து இறக்கியிருந்தது. நேராகக் கொட்டிலுக்கு வந்தார். எஞ்சினில் பாதி தொங்கிக்கொண்டிருந்த மூடியைக் கண்டார். குனிந்து ஓரத்தைப் பார்த்தார், எழுத்துகளைத் தடவினார், பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஜெயரூபன் தொண்டையைச் செருமினான். அதற்குள் யசிந்தா முன்னுக்கு வந்துவிட்டாள்.

"என்ரை கையிலை பிழைச்சுப்போச்சு, அங்கிள். புதுசாய் ஒண்டு வெட்டித் தாறன்."

பெரிய மனது. வீட்டுக் கதை வெளியே போகக்கூடாது என்று தானே ஏற்றுக்கொள்கிறாள். நோர்மனும் பரவாயில்லைப் பிள்ளை என்று தலையாட்டத் தொடங்கினார். அந்தத் தலையாட்டலைக் கஜந்தினியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தன்னிடமிருந்து யசிந்தா கத்தியை எடுத்தாள், வாங்கை எடுத்தாள், மீன்தலையை எடுத்தாள், பெயரை எடுத்தாள். இப்போது பிழையையும் எடுக்கிறாள். இதுவும் அவளுக்கோ?

"அவ பிழைவிடேல்லை, அங்கிள். அடிமட்டத்தை மாத்தி அளவைக் கெடுத்தது நான். இதுக்கு முதல் இஞ்சையிருந்து போன மூடியெல்லாம் அளந்து வெட்டினதும் நான்தான்."

நோர்மன் அவளைப் பார்த்தார். தட்டில்லாமல் அவளைப் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல்தரம்.

"அப்ப நீர்தான் தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளை."

"ஓம்."

ஏன் கெடுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்கு வேண்டாத கதை. அடுத்த மூடி பொருந்தவேண்டும், எத்தனை பேர் கை வைத்தார்களோ அத்தனை எழுத்தும் அதில் கிடக்கவேண்டும் என்றார். பிறகு வெயிலில் வந்த களை, குடிக்க ஏதும் கிடைக்குமா என்று கேட்டார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் அசையவில்லை. ஜெயரூபன் எழும்பிக் குசினிக்குப் போனான்.

புது றெஜிபோம் பலகையை அன்று பின்னேரமே வாங்கில் வைத்தார்கள். சமாதானம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கஜந்தினி நீட்டு அடிமட்டத்தால் குறித்தாள், யசிந்தா வெட்டினாள். ஓர் இடத்தில் கோட்டுக்கு வெளியே போகிறாய் என்றாள் ஒருத்தி. கோடு மொத்தமாய்த் தடிச்சுக் கிடக்கு என்றாள் மற்றவள். வாங்கின் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டவில்லை.

எழுத்துக்கு வந்தபோது யசிந்தா 'ரூ'வையும் 'ய'வையும் வெட்டி முடித்து, கத்தியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கஜந்தினி கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். யசிந்தா கத்தியைத் துடைத்துக் கொடுத்தாள்.

கஜந்தினி ஒரு துண்டு றெஜிபோமை எடுத்து, யசிந்தாவின் 'ய'வை முதலில் அளந்தாள். அளந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு தன் 'க'வை அதைவிட ஒரு நூல் பெரிசாகக் குறித்து வெட்டினாள். அலுமினியம் ஆறிச் சுருங்கும்போது எல்லா எழுத்தும் ஒரே மாதிரித்தான் சுருங்கும். அந்த ஒரு நூல் வித்தியாசம் அப்படியே நிற்கும். அதையும் கணக்குப் பார்த்துத்தான் வெட்டினாள்.